எழுநூறு கிராம் மல்லி: பெங்களூரில் நாலு நாள்

முதல் நாள், வியாழன்

மயிலாடுதுறை–மைசூரு எக்ஸ்பிரஸில் திருச்சியில் ஏறிப் படுத்தவன்தான். பெங்களூரு வருகிறது என்று எதிர் பர்த்துக்காரர் தட்டி எழுப்பியபோதுதான் கண் திறந்தேன். தலைமாட்டுப் பையில் மூன்று பொட்டலம் மல்லி விதை. ஒன்று விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் மல்லி. மற்ற இரண்டும் ராஜஸ்தான் ராம்கஞ்ச் மண்டிச் சரக்கு, ஈகிள் தரம் ஒன்று, பாதாமி தரம் ஒன்று. ராத்திரி முழுக்க அந்தப் பெட்டியில் மல்லி வாசம்தான். ‘சாம்பார்ப் பொடிக்கா சார்?’ என்று கேட்டார் அவர். ‘இல்லீங்க, பீருக்கு’ என்றேன். அப்புறம் அவர் என்னோடு பேசவில்லை.

விஷயம் இதுதான். திருச்சி காந்தி மார்க்கெட்டில் முப்பது வருஷமாக மல்லி, மிளகாய் மொத்த வியாபாரம் செய்கிறேன். அக்கா மகன் பெங்களூரில் ஒரு மைக்ரோபுருவரியில், அதாவது அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றும் பப்பில், பீர் காய்ச்சுகிறான். கெமிக்கல் இன்ஜினியரிங் படித்துவிட்டு இந்த வேலையா என்று அக்கா ஒரு வருஷம் அழுதாள், அது தனிக் கதை. போன மாதம் போன் செய்தான். ‘மாமா, பெல்ஜியம் ஈஸ்ட் போட்டு ஏல்னு ஒரு வகை பீர் காய்ச்சுறேன். ஹாப்ஸ், அதான் பீருக்குக் கசப்பு கொடுக்கிற பூ, தூக்கலா இருக்கும். மல்லி, ஆரஞ்சுத் தோல், வால்மிளகும் போடுறேன். ஒரு தடவை மொத்தமும் சாம்பார் மாதிரி ஆயிடுச்சு. நீங்க வந்து ஒரு வாசம் பார்த்துச் சொல்லுங்க.’ மல்லி வாசம் பார்க்க டிக்கெட் போட்டு என்னை யாரும் கூப்பிட்டதில்லை. கடையை வேலைக்காரப் பையனிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

அக்கா வீடு அல்சூரில், சோமேஸ்வரர் கோயிலுக்குப் பின்னால். தெருவில் பாதிப் பேர் தமிழ்தான். ஆட்டோக்காரரிடம் நான் தப்புத் தப்பாகக் கன்னடம் பேச, அவர் சலிக்காமல் தமிழில் பதில் சொன்னார். சாயங்காலம் ஏரிப் பக்கம் நடந்தேன். அங்கே வள்ளுவர் சிலை. 1991-இல் வைத்து, பதினெட்டு வருஷம் சாக்கு மூடியே கிடந்து, 2009 ஆகஸ்டில் திறந்தார்கள். பதிலுக்குச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை. கள்ளுண்ணாமைக்குப் பத்துக் குறள் ஒதுக்கியவர் முன்னால் நான் அதிக நேரம் நிற்கவில்லை. எட்டு மணிக்கு மேல் எனக்கு வேறு இடத்தில் வேலை இருந்தது.

எங்கள் ஊர்க் கடையில் பீர் வாங்கினால் ஒரே கேள்விதான்: கூலிங்கா, சாதாவா? இங்கே, தன் மைக்ரோபுருவரியில், அக்கா மகன் துலிப் பூ மாதிரி வாய் குவிந்த கிளாஸில் முக்கால் அளவு ஊற்றி என் முன்னால் வைத்துவிட்டு, ‘குடிக்காதீங்க, முதல்ல மோந்து பாருங்க’ என்றான். நிறம் நல்லெண்ணெய் நிறம், லேசாகக் கலங்கல். நுரை விரற்கடை உயரத்துக்கு வெள்ளையாக நின்றது, இறங்கவே இல்லை. குடிக்கக் குடிக்க அது கிளாஸ் சுவரில் வளையம் வளையமாக ஒட்டிக்கொண்டு போனது, மோர் குடித்த டம்ளர் மாதிரி.

மூக்கை வைத்தேன். முதலில் நாரத்தை இலை கசக்கிய வாசம். அடுத்து, சந்தேகமே இல்லாமல், கிராம்பு. அதற்கும் பின்னால் நன்றாகக் கனிந்த பூவன் பழம். மல்லியைத் தேடினேன். கிளாஸைச் சுழற்றினேன், கையால் வாயை மூடித் திறந்தேன், மறுபடி தேடினேன். மல்லி இல்லை.

‘கிராம்பு எவ்வளவு போட்டே?’

‘ஒண்ணுகூட இல்ல மாமா.’

‘வாழைப்பழ எசன்ஸ்?’

சிரித்தான். மல்லி எவ்வளவு என்று கேட்டேன். ஆயிரம் லிட்டருக்கு எழுநூறு கிராம் என்றான். போட்ட சாமான் வாசத்தைக் காணோம், போடாத சாமான் வாசம் மூக்கைத் துளைக்கிறது. முப்பது வருஷ மூக்கு. எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏழு சதவீத ஆல்கஹாலும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இரண்டாம் நாள், வெள்ளி

காலை ஆறு மணிக்கே போய்விட்டோம். பப் என்றால் எனக்கு ராத்திரி விளக்கும் பாட்டும்தான் ஞாபகம். காலையில் அது சுத்தமாக ஒரு கல்யாண மண்டபச் சமையல்கட்டு. ஈரத் தரை, ரப்பர் பூட்ஸ், ஆவி, பெரிய பெரிய பாத்திரம்.

முளைகட்டிக் காயவைத்த பார்லியை உடைத்து, 66 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைக்கிறார்கள். பார்லியின் மாவு அந்தச் சூட்டில் சர்க்கரையாக மாறுகிறது. வடித்த தண்ணீரை ஒரு டம்ளர் கொடுத்தான். பால் சேர்க்காத ஹார்லிக்ஸ், அவ்வளவுதான். சக்கையை ஒரு பால்காரர் டெம்போவில் வந்து அள்ளிக்கொண்டு போனார், மாட்டுக்கு.

‘தண்ணி காவிரியா?’ என்று கேட்டேன். ‘பாதி காவிரி, பாதி போர். எல்லாத்தையும் ஆர்.ஓ. பண்ணிட்டு, ஹாப்ஸ் கசப்பு பளிச்சுன்னு தெரியறதுக்காகக் கொஞ்சம் ஜிப்சம் சேர்ப்போம்’ என்றான். நூறு கிலோமீட்டர் தள்ளி ஓடும் காவிரியை ஐந்நூறு மீட்டர் உயரத்துக்கு மேலேற்றித்தான் இந்த ஊர் தண்ணீர் குடிக்கிறது. நான் பிறந்ததும் காவிரிக் கரைதான். நடுவர் மன்றம் கொடுத்த அளவு பற்றி நான் கருத்துச் சொல்ல மாட்டேன். என் பங்கு ஒரு கிளாஸை நேற்றே வாங்கிக்கொண்டேன்.

அப்புறம் கொதி. ஊர் கடல் மட்டத்துக்கு மேலே 900 மீட்டருக்கும் அதிகம் என்பதால் தண்ணீர் இங்கே 97 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. கொதி வந்ததும் முதல் தவணை ஹாப்ஸ். ஹாப்ஸ் கொடியில் பூக்கிற பூ, ஆனால் இவர்களுக்கு வருவது அரைத்து அழுத்திய பச்சைக் குச்சி, பார்க்க மாட்டுத் தீவனம்தான். இரண்டு குச்சியை உள்ளங்கையில் நசுக்கித் தேய்த்தேன். பிசின் ஒட்டியது. நாரத்தை, கொய்யாக்காய், பச்சைப் புல், அடியில் வேறு ஏதோ ஒன்று. அந்த ‘ஏதோ’ என்னவென்று கேட்டேன். ஹாப்ஸும் கஞ்சாவும் ஒரே தாவரக் குடும்பமாம், பங்காளிகள். மயக்கும் சரக்கு மட்டும் இந்தப் பங்காளியிடம் இல்லை.

முதலில் போட்டது கசப்புக்கு, கடைசியில் போடுவது வாசத்துக்கு என்பது அவன் சொன்ன கணக்கு. ஒரு மணி நேரம் கொதித்தால் ஹாப்ஸில் உள்ள அமிலம் உருமாறிக் கசப்பாகக் கரைகிறது, வாசனை எண்ணெய் எல்லாம் ஆவியாகப் போய்விடுகிறது. ரசத்தை இறக்கும்போதுதானே கொத்தமல்லித் தழை கிள்ளிப் போடுகிறோம்? அதே நியாயம். பீர் புளித்து அடங்கிய பிறகும் ஒரு தவணை ஹாப்ஸைப் பச்சையாகவே கொட்டுகிறார்கள்.

இனி என் இலாகா. அந்தச் சாம்பார் பீர் பற்றி விசாரித்தேன். அந்தத் தடவை இரண்டு கிலோ போட்டிருக்கிறான்.

‘சரி, வறுத்தியா?’

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். ‘லேசா, மாமா. வாசம் வரட்டும்னு.’

வறுத்தால் வருவது மல்லி வாசம் இல்லை, மசாலா வாசம். பச்சை மல்லி விதையைப் பல்லில் கடித்துப் பாருங்கள், எலுமிச்சைத் தோலும் பூவும் கலந்த மாதிரி ஒரு மணம் மேலே ஏறும். வாணலியில் போட்டதும் முதலில் ஓடிப்போவது அதுதான். மிஞ்சுவது சாம்பாருக்கு நல்லது. அரைத்த பொடியும் கூடாது. அன்றன்றைக்கு, ஒன்றிரண்டாக இடித்தால் போதும்.

மூன்று பொட்டலத்தையும் பிரித்து வெள்ளைத் தாளில் கொட்டினேன். எங்கள் வியாபாரத்தில் பாதாமி, ஈகிள், ஸ்கூட்டர், பேரட் என்று தரத்துக்குப் பேர். பச்சை நிறம் ஏற ஏறக் கிளியாகி விலையும் பறக்கும். ஆனால் நிறத்தையா குடிக்கப் போகிறோம்? கரிசல் மல்லி மானாவாரி, மணி சிறுத்து, மண்ணாங்கட்டி நிறத்தில் இருக்கும். பொதுவாகப் பெரிய மணி மல்லியில் எண்ணெய் குறைவு, சிறிய மணியில் அதிகம். ஐரோப்பாக்காரர்கள் விளைவிப்பது இன்னும் சின்ன மணி. கசக்கிக் காட்டியதும் பையனே கரிசலைத்தான் எடுத்தான்.

உரலில் நானே இடித்தேன். சுத்தமான இன்ஜினியரிங் கூடத்தில் ஓர் இரும்பு உரல், டங் டங் என்று. கொதி அடங்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது மல்லி, காய்ந்த ஆரஞ்சுத் தோல், ஒரு பிடி வால்மிளகு எல்லாவற்றையும் மஸ்லின் துணியில் கஷாய முடிச்சு மாதிரி கட்டி உள்ளே இறக்கினான். பெல்ஜியத்தில் சிலர் போடுவது மேற்கு ஆப்பிரிக்காவில் விளையும் ஒரு காரமான விதை, ஏலக்காய்க்குச் சொந்தம். அதற்குப் பதிலாகத்தான் வால்மிளகு. எனக்கு அந்த யோசனை பிடித்திருந்தது.

கடைசியாக ஈஸ்ட். அரைக்கிலோ பாக்கெட், பார்க்க மெல்லிய ரவை. பிரித்து மோந்தேன். பிரெட் கடை வாசம், வேறொன்றும் இல்லை. இதற்குள்ளேயா என் கிராம்பு உட்கார்ந்திருக்கிறது?

‘ஞாயிற்றுக்கிழமை காட்டறேன்’ என்றான்.

மூன்றாம் நாள், சனி

மதியம்வரை மழை. அக்கா வீட்டு ஜன்னலில் உட்கார்ந்து போண்டா தின்றேன். அக்காவுக்கு இருபத்தெட்டு வருஷப் பெங்களூரு. ‘சொல்ப தள்ளி உட்காருடா’ என்கிறாள், அது கன்னடம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் அல்சூரிலிருந்து ஒரே ஸ்டேஷன் மெட்ரோவில், இந்திராநகர். எம்.ஜி. ரோடு முதல் பையப்பனஹள்ளி வரையிலான இந்தத் தடத்தில்தான் 2011 அக்டோபரில் நம்ம மெட்ரோ முதல்முதலாக ஓடியது. இங்கே மைக்ரோபுருவரி வந்ததும் 2011-இல்தான். இரண்டையும் ஒரே வருஷத்தில் திறந்தது விவேகமான ஏற்பாடு. குடித்துவிட்டு வண்டி ஓட்ட வேண்டாம் பாருங்கள்.

பெங்களூருக்கும் பீருக்கும் பழக்கம் அதைவிடப் பழசு. 1915-இல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தென்னிந்தியாவில் இருந்த சின்னச் சின்னச் சாராய ஆலைகளை, இல்லை, பீர் ஆலைகளை (அக்கா திருத்துகிறாள், அவளுக்கு இப்போது வித்தியாசம் அத்துப்படி) ஒன்றுசேர்த்து யுனைடெட் புருவரீஸ் ஆக்கினார். நாட்டு விடுதலை சமயத்தில் விட்டல் மல்லையா கைக்கு வந்தது அதுதான்.

நாங்கள் போன இடத்தில் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பெல்ஜியன் விட்பியர் வாங்கினான். கோதுமை பீர், மோர் மாதிரி வெளுப்பு. இதில் மல்லி எனக்கு உடனே தெரிந்தது. ‘இதோ!’ என்று சத்தமே போட்டுவிட்டேன். பக்கத்து மேஜைப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். இதில் ஹாப்ஸ் பேருக்குத்தான், அதனால் மல்லி முன்னால் வந்து நிற்கிறது.

இந்த பீருக்கும் ஒரு கதை. பெல்ஜியத்தில் ஹூகார்டன் என்ற ஊரில் தலைமுறை தலைமுறையாகக் காய்ச்சிய மல்லி பீர், கடைசி ஆலையும் மூடியதும் அழிந்துபோனது. அந்த ஆலையில் சின்ன வயதில் எடுபிடி வேலை செய்த பியர் செலிஸ் என்பவர், ஊருக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தவர், 1966-இல் மறுபடி காய்ச்ச ஆரம்பித்தார். ஒரு பால்காரர் இல்லையென்றால் மல்லி பீரே இல்லை. ஜெர்மனியில் இதெல்லாம் நடக்காது. பவேரியாவில் 1516-இலேயே பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர எதுவும் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டார்கள். பெல்ஜியத்துக்காரர்கள் அப்படிக் கட்டுப்படாதவர்கள். தோலும் விதையும் கற்கண்டும் கையில் கிடைத்ததெல்லாம் போட்டிருக்கிறார்கள். 2016-இல் யுனெஸ்கோ அவர்கள் பீர்ப் பண்பாட்டையே மரபுப் பட்டியலில் சேர்த்தது.

அப்படியானால் ஹாப்ஸ் தூக்கலான பெல்ஜியன் ஏல்? அது புதுசு. கம்பெனி காலத்தில் லண்டனிலிருந்து ஹாட்ஜ்சன் போன்றவர்கள் கப்பலில் இந்தியாவுக்கு அனுப்பிய கசப்பு பீர், பின்னால் இந்தியா பேல் ஏல் என்று பேர் வாங்கியது. பேரில்தான் இந்தியா. அமெரிக்காக்காரர்கள் அதை எடுத்து ஹாப்ஸைக் கொட்டிக் கொட்டி வேறொன்றாக்கினார்கள். அதைப் பார்த்து அஷூஃப் என்ற பெல்ஜிய ஆலை 2006-இல் தன் ஈஸ்டோடு அந்தக் கசப்பைச் சேர்த்து ஒன்பது சதவீதத்தில் ஒரு பீர் விட்டது, ஹூப்ளோன் ஷூஃப். பிரெஞ்சில் ஹூப்ளோன் என்றால் ஹாப்ஸ்தான். பையனுக்கு அதுதான் குலதெய்வம்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தேன். மனசு மட்டும் நேற்றைய ஈஸ்ட் பாக்கெட்டிலேயே இருந்தது.

நாலாம் நாள், ஞாயிறு

காலையில் தொட்டி முன்னால் நிறுத்தினான். தொட்டியிலிருந்து ஒரு குழாய் இறங்கி, கீழே தண்ணீர் நிரப்பிய பக்கெட்டில் முடிகிறது. பக்கெட் உலை கொதிப்பது மாதிரி குமிழி விட்டுக்கொண்டிருந்தது, பழுப்பு நுரை வழிந்து தரையெல்லாம். இட்லி மாவு பொங்கி வழிந்த பாத்திரத்தைப் பார்த்து அம்மா போடும் சத்தம் ஞாபகம் வந்தது. வெள்ளிக்கிழமை 20 டிகிரியில் விட்டது, இன்றைக்குத் தானாக ஏறி 24.

‘குனிங்க மாமா. ரொம்பக் கிட்டப் போகாதீங்க, கேஸ் ஏறும்.’

குனிந்தேன். காந்தி மார்க்கெட் வாழைக்காய் மண்டி! பூவன் தார் பழுத்து வெடிக்கும் நாளில் அந்தச் சந்தில் நுழைந்தால் வரும் அதே வாசம். அடுத்த குமிழியில் கிராம்பு. இந்தத் தொட்டியில் கிராம்பு இல்லை, வாழைப்பழம் இல்லை. உள்ளே போனது எல்லாம் என் கண் முன்னால் போனது.

அவன் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். பார்லித் தோலில் ஃபெருலிக் அமிலம் என்று ஒன்று இருக்கிறது, அதற்கு வாசமே கிடையாது. இந்த வகை ஈஸ்ட் அதில் ஒரு துண்டை வெட்டி எறிகிறது. மீதி நிற்பது 4-வினைல் குவாயகால். நம் கிராம்பில் இருக்கும் யூஜெனாலுக்கு அது நெருங்கிய உறவு. சாதாரண லேகர் வகை பீரில் போடும் ஈஸ்டுக்கு இந்த வெட்டும் வித்தை தெரியாது. வாழைப்பழம் வேறு கணக்கு, ஐசோஅமைல் அசிட்டேட், ஈஸ்ட் சூட்டில் வேகமாக வேலை செய்யும்போது விடுவது. சூடு கூட விட்டால் பழம் கூடும், அடக்கினால் அடங்கும். மசாலா டப்பா அந்த ரவை மாதிரிப் பொடிக்குள்ளேயே இருந்திருக்கிறது.

சரி, என் மல்லி எங்கே? அதற்கும் பதில் வைத்திருந்தான். மல்லி விதை எண்ணெயில் முக்காலுக்குக் கொஞ்சம் முன்பின்னாக லினலூல். அதே லினலூல் ஹாப்ஸ் எண்ணெயிலும் உண்டு. நாரத்தை இலை என்று நான் வியாழக்கிழமை சொன்னேனே, அதில் எது ஹாப்ஸ், எது மல்லி என்று பிரிக்கவே முடியாது என்றான்.

முடியாது என்று என்னிடம் சொல்லலாமா? பந்தயம் கட்டினேன். மல்லி போடாமல் முன்பு காய்ச்சிய அதே பீர் ஒரு பாட்டில் எடுத்து வைத்திருந்தான். மதியம் அக்கா வீட்டுச் சமையல்கட்டில் மூன்று கிளாஸ். இரண்டில் ஒன்று, மூன்றாவதில் மற்றது. எது தனி என்று கண்டுபிடிக்க வேண்டும். பீர் ருசி பார்க்கிறவர்கள் உண்மையிலேயே இப்படித்தான் சோதிப்பார்களாம்.

மோந்தேன், குடித்தேன், தண்ணீர் கொப்பளித்தேன், மறுபடி மோந்தேன். நடுக்கிளாஸ் என்றேன். தப்பு.

இரண்டாம் முறை மாற்றி வைத்தான். இடதுபக்கம் என்றேன். அதுவும் தப்பு. ஜலதோஷம் என்று சொல்லலாமா என்று யோசித்தேன்.

அக்கா புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவள் வாயில் வைக்க மாட்டாள், வெள்ளிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை என்ற பேச்சே இல்லை. மூன்றையும் வரிசையாக முகர்ந்தாள். ‘என்னடா, பல்வலிக்கு வைக்கிற கிராம்புத் தைலமாட்டம்’ என்றாள். எதற்கு முப்பது வருஷம், எனக்கு வந்த அதே கிராம்பு. அப்புறம் மறுபடி ஒரு சுற்று, நிதானமாக. வலது ஓரக் கிளாஸைத் தள்ளி வைத்தாள்.

‘இந்த ரெண்டும் போன வாரம் போட்ட நாரத்தங்காய் ஊறுகாய். இது போன வருஷத்து ஊறுகாய்.’

சரியாக அதுதான் மல்லி போட்டது.

பையன் கைதட்டினான். எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. நான் நாலு நாளாக மல்லி வாசத்தைத் தனியாகத் தேடிக்கொண்டிருந்தேன். புது நாரத்தங்காயில் கசப்பு ஒரு பக்கம், உப்பு ஒரு பக்கம், தோல் ஒரு பக்கம் நிற்கும். பழகினால் எல்லாம் ஒன்றாகிவிடும். மறுபடி குடித்தேன். மல்லி இல்லாததில் ஹாப்ஸ் முன்னால் குத்தியது, கிராம்பு பின்னால் தனியாக நின்றது. மல்லி இருந்ததில் இரண்டுக்கும் நடுவே பள்ளம் இல்லை. மூன்றாவது தடவை மாற்றி வைத்தான், கண்டுபிடித்துவிட்டேன். அக்கா பார்க்கவில்லை, அடுப்பில் ஏதோ வைத்திருந்தாள்.

எல்லாம் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். கிளாஸ் சூடாகும்போது கடைசி வாய் நாக்கின் அடியில் வேப்பம்பூ ரசம் மாதிரி உட்கார்ந்துகொள்கிறது, அரைமணி நேரம் எழுந்திருப்பதில்லை. வால்மிளகைக் குறை, கசப்புக்கு அது துணை போகிறது என்றேன். யோசிக்கிறேன் என்றான். பிள்ளைகள் அப்படித்தான் சொல்வார்கள்.

ராத்திரி ரயிலுக்குக் கிளம்பும்போது ஆர்டர் கொடுத்தான். கரிசல் மல்லி, வறுக்காதது, காய்ச்சும் தடவைக்கு எழுநூறு கிராம், ஆறு வாரத்துக்கு ஒருமுறை. நாற்பது கிலோ மூட்டைக்குக் குறைந்து நான் பில் போட்டதே இல்லை. பிளாட்பாரத்திலிருந்தே கடைப் பையனுக்குப் போன் செய்தேன், காலையில் எடுத்து வைக்கச் சொல்லி.

‘எழுநூறு மூட்டையா முதலாளி?’

‘கிராம்.’

‘கிராமா?’

‘கிராம்தான்டா’ என்றேன். மறுபடியும் ஒருமுறை கேட்டான்.